தன் கதையும் பிறர் பெயரும்



சிலாபத்திற்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரத்தில் ஆவணிப் பெருந்திருவிழா நடைபெறும் நாட்களில் அவ்வூர் வீதிகளைக் காண்பவர்கள் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். முன்னைநாத சுவாமியையும் வடிவாம்பிகை அம்மையையும் வழிபட உடப்பினின்றும் யாழ்ப்பாணத்தினின்றும் மலைநாட்டினின்றும் தமிழ் மக்கள் வருகின்றனர். அயலிலுள்ள காளி கோயிலை நாடிச் சிங்கள மக்களும் திரளாக வருகின்றனர். கற்பூரமும் தேங்காயும் விற்போர் இரு மொழியிலும் விலை கூறுகின்றனர். அக்கூட்டத்தில் ஒருவரை ‘நீர் யார்?’ என்று வினவினால், அவர் மொழியை முன்வைத்து விடை கூறுவாரா, ஊரை முன்வைத்துக் கூறுவாரா, வழிபடும் தெய்வத்தை முன்வைத்துக் கூறுவாரா என்பதை முன்கூட்டி அறிதல் அரிது. தன்னை இன்னார் என்று எடுத்துரைத்தல் அத்துணை எளிய செயலன்று.

அத்திருத்தலத்தின் கதையும் இத்தகையதே. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அளித்த மானியத்தைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1753ஆம் ஆண்டில், அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. கொடுத்த அரசர் பெயரைக் கல்லும் செப்பேடும் கூறுகின்றன. இடித்தவர் இன்னார் என்பதையும் வரலாறு கூறுகின்றது. ஆனால், அக்கோயிலுக்குக் கல் சுமந்தவரின் பெயரோ, நாள்தோறும் மாலை தொடுத்த பெண்ணின் பெயரோ எதிலும் இல்லை. கதை சொல்பவர் யாரைப் பெயர் சொல்லி அழைக்கின்றார், யாரைப் பெயரின்றி ஓரத்தில் நிறுத்துகின்றார் என்பதை நோக்கினால், சொல்பவர் தம்மை யாரென்று கருதினார் என்பதும் விளங்கிவிடும். இவ்வளவுகோலைக் கொண்டு, ஐரோப்பியரின் குடியேற்ற நாடுகளில் வந்து வாழ்ந்த வெள்ளைப் பெண்மணிகள் சிலர் தம்மைத் தாமே எழுதிக் காட்டிய முறையை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

அப்பெண்மணிகளின் நிலை விந்தையானது. தாய்நாட்டில் அவர்கள் ஆடவருக்குக் கீழ்ப்பட்டவர்கள். இங்கிலாந்தில் 1870ஆம், 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை மணமான பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவனின் உடைமையாகவே கருதப்பட்டது. அதே பெண் கப்பலேறி இலங்கைக்கோ ஆபிரிக்காவுக்கோ வந்தவுடன், அப்பு, ஆயா, தோட்டக்காரன், வண்டிக்காரன் என ஒரு கூட்டத்திற்கே தலைவியாகிவிடுவாள். மலைநாட்டார் அவளைத் ‘துரைசாணி’ என்று அழைத்தனர். ஒருபுறம் அடங்கியவள், மறுபுறம் ஆள்பவள். இவ்விரண்டு நிலைக்கும் இடையே நின்று அவள் ‘நான்’ என்று எழுதும்போது, அச்சொல் இரண்டு முகம் கொண்டதாகிவிடுகின்றது.

முதலில் யாழ்ப்பாணத்திற்கு வருவோம். உவின்சிலோ அகராதி என்றால் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். 1862இல் வெளியான அப்பெரும் அகராதியைத் தந்த மைரன் உவின்சிலோ பாதிரியாரின் முதல் மனைவி ஹரியற் என்பார். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திற் பிறந்தவர். 1819இற் கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். 1824இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் அவரே. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரார் வினவிய காலத்தில் அவர் செய்த பணி இந்நாட்டுப் பெண்கல்வி வரலாற்றில் அழியாத இடம் பெற்றுள்ளது. 1833இல் அவர் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார்.

அவர் தம் வாழ்வை நூலாக எழுதவில்லை. நாட்குறிப்பும் கடிதமுமே எழுதினார். அவற்றைத் தொகுத்து, 1835இல், மனைவியின் வாழ்க்கை வரலாறாக வெளியிட்டவர் கணவர். ஆகவே, அந்நூலில் ஒலிக்கும் குரல் அம்மையாருடையது. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று தீர்மானித்த கை கணவருடையது. தன் கதையைத் தானே முழுமையாகச் சொல்லும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை என்பதை எண்ணும்போது இரக்கம் உண்டாகின்றது.

ஆயினும், மறுபக்கமும் ஒன்றுண்டு. மிஷன் விடுதிகளிற் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய புரவலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தாயும் தந்தையும் இட்ட பெயருடன் படலையைக் கடந்து வந்த சிறுமி, கண்டறியாத ஊரிலுள்ள, கண்டறியாத ஒரு மாதின் பெயரைத் தாங்கிப் பள்ளி இடாப்பில் நின்றாள். கல்வி கொடுத்த கைதான் பெயரையும் மாற்றியது. அப்பிள்ளைகள் தம் உள்ளத்தில் எந்தப் பெயரால் தம்மை அழைத்துக்கொண்டனர் என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

அடுத்து, ஜூலியா மார்கிரெற் கமரன் அம்மையார். இலங்கை வரலாற்றுப் பாடத்திற் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவைப் படிக்காத மாணவர் இலர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குக் காரணரான அந்தக் கமரனின் மனைவியே இவர். 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, 48ஆம் வயதில் மகள் பரிசளித்த ஒளிப்படக் கருவியைக் கையிலெடுத்தவர். கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர். கவிஞர் தெனிசன், அறிஞர் டார்வின், வானியலார் ஹேர்சல் ஆகியோரின் முகங்களை இன்றும் உலகம் அவர் எடுத்த படங்களின் வழியே காண்கின்றது. 1874இல் அவர் தம் கலைவாழ்வைக் குறித்து ஒரு சிறு தன்வரலாறு எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை.

மறு ஆண்டே, 1875இல், கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கு அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிரைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. இலங்கையில் அவர் தன்வரலாற்றைத் தொடர்ந்து எழுதவில்லை. சில படங்களே எடுத்தார். அவற்றை அவருடைய இங்கிலாந்துப் படங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகின்றது. இங்கிலாந்தில் அவருக்கு மாதிரியாக நின்ற வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட இன்று யாவரும் அறிந்தது. களுத்துறையில் அவர் முன் நின்ற ஆடவரும் பெண்டிரும் ‘குடியானவர்’ என்ற பொதுப்பெயரோடு நிற்கின்றனர்.

1877இல் மரியான் நோர்த் என்னும் ஓவியர் களுத்துறையில் அவர் வீட்டிற் தங்கினார். அவர் இறந்தபின் 1892இல் வெளிவந்த நினைவு நூலில் அந்நாட்களைச் சுவைபட எழுதியுள்ளார். கொதிக்கும் வெயிலிற் தமக்குச் சால்வை போர்த்தி, தலைக்குப் பின்னால் முட்போன்ற தென்னோலைகளைப் பரப்பி, அம்மையார் படமெடுத்ததை நகைச்சுவையோடு நினைவுகூர்கின்றார். இன்னொரு செய்தியும் கூறுகின்றார். அங்கு வந்த ஒரு மனிதனின் முதுகின் அழகு கமரன் அம்மையாரை மிகவும் கவர்ந்ததாம். அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிற்குத் தோட்டமே கிடையாது. தோட்டக்காரன் என்ற சொல்லின் பொருளும் அவனுக்குத் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாகவே எழுதினார். வாசிப்பவரும் முதலில் நகைப்பர். சற்று நின்று நினைத்தால் நகைப்பு அடங்கிவிடும். அம்மனிதனின் முதுகு இரண்டு பெண்மணிகளின் வரலாற்றிலும் இடம் பெற்றுவிட்டது. அவனுடைய பெயர் இடம் பெறவில்லை.

கமரன் அம்மையார் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அவர் கல்லறை இன்றும் இருக்கின்றது. அதைச் சூழ்ந்த மலைகளிற் தென்னிந்தியாவினின்று வந்து உழைத்து மடிந்த எத்தனையோ பெண்களுக்குக் கல்லறையும் இல்லை, எழுத்தும் இல்லை. கொழுந்து கிள்ளும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் அவர்கள் பாடிய பாடல்களே அவர்களின் தன்வரலாறு. அவற்றைத் தேடித் திரட்டிய பெருமை கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைச் சாரும்.

இலங்கையை விட்டு ஆபிரிக்காவை நோக்கினாலும் இதே வினா எழுகின்றது. டென்மார்க் நாட்டவரான கரென் பிளிக்சன் 1914இற் கென்யாவுக்குச் சென்று, நைரோபிக்கு அருகே நொங் மலையடிவாரத்திற் கோப்பிப் பண்ணை நடத்தினார். பண்ணை நட்டமடைந்து விற்கப்பட, 1931இல் நாடு திரும்பினார். 1937இல் ‘ஆபிரிக்காவிலிருந்து’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். உலகெங்கும் போற்றப்பட்ட நூல் அது. அதில் வரும் ‘நான்’ துணிவும் தனிமையும் மிக்க ஒரு தலைவி. அவரை விட்டுப் பிரிந்த கணவரோ ஏறக்குறையத் தோன்றுவதே இல்லை. பணமுடை, நோய், மணமுறிவு ஆகியவற்றின் துயரம் பிற்காலத்தில் வெளியான அவருடைய கடிதங்களிலேதான் வெளிப்பட்டது. காயத்தை மறைத்துக் கவசத்தை மட்டும் காட்டிய தன்வரலாறு எனலாம்.

அவர் தம் வேலைக்காரரைப் பெயர் சொல்லி எழுதினார் என்பதை மறுத்தலாகாது. பரா, கமந்தே என்போரை வாசகர் மறப்பதில்லை. பண்ணை நிலத்திற் குடியிருந்த கிக்குயு மக்களை ஆங்கிலச் சட்டம் அத்துமீறிக் குடியிருப்போர் போலக் கருதியபோது, அவர்களுடைய தந்தையர் பிறந்த மண் அதுவே என்பதையும், அவர்கள் பார்வையில் தாமே வந்து குந்தியவராகத் தோன்றியிருக்கலாம் என்பதையும் அவர் உணர்ந்து எழுதினார். பண்ணை விற்கப்பட்டபோது அம்மக்கள் சிதறாமல் ஒரே இடத்தில் வாழ நிலம் வேண்டி அதிகாரிகளிடம் அலைந்து வெற்றியும் பெற்றார். ஆயினும், கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அந்நூலை வன்மையாகக் கண்டித்தார். அம்மையார் ஆபிரிக்கர் மீது கொண்ட அன்பு, விலங்குகளிடம் கொள்ளும் பரிவினை ஒத்தது என்பது அவர் வாதம். பெயர் சொல்வது மட்டும் போதாது; பெயருக்குரியவரின் உள்ளத்திலும் தன்னுடையதைப் போன்றதொரு ‘நான்’ உண்டென்று ஏற்பதும் வேண்டும் என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

டொரிஸ் லெசிங் அம்மையார் இதனை இன்னும் ஒருபடி கடந்து சிந்தித்தவர். 1919இற் பாரசீகத்திற் பிறந்து, 1925இற் பெற்றோருடன் தென் ரொடீசியாவுக்கு வந்து, சோளப் பண்ணையில் வளர்ந்தவர். வெள்ளையர் ஆட்சியின் அநீதியை எதிர்த்தமையால் 1956இல் அந்நாட்டுக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டார். 2007இல் நோபல் பரிசு பெற்ற அவர், தம் தன்வரலாற்றின் முதற்பாகத்தை 1994இல் வெளியிட்டார். பிறர் தம் வாழ்வை எழுத முற்பட்டமையாற் தற்காப்புக்காகவே எழுதுவதாக அதில் ஒளிவின்றிக் கூறினார். நினைவு எத்துணை நம்பத்தகாதது என்றும் பல இடங்களில் எச்சரித்தார். நாடு விடுதலை பெற்றுச் சிம்பாப்வே ஆனபின், 1982இல் அவர் மீண்டும் அங்கு சென்றபோது, தாம் வளர்ந்த பண்ணையைக் காண மனம் துணியவில்லை; பின்னொரு பயணத்திலேயே சென்றார். பிறந்தகம் என்று நெஞ்சு சொல்கின்றது. பிறரிடம் பறித்த நிலம் என்று அறிவு சொல்கின்றது. இரண்டையும் ஒருங்கே ஏற்று எழுதியதே அவருடைய நேர்மை.

இறுதியாக, நம் நாட்டுக்கே மீள்வோம். ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட காலத்தில் வந்து தங்கியவர்களின் சந்ததியார் பறங்கியர் எனப்படுகின்றனர். 1908இல் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், தந்தைவழியிற் தொடர்ந்து செல்லும் ஐரோப்பிய வம்சத்தையே உறுப்புரிமைக்கு அளவாகக் கொண்டது. தந்தைவழி மட்டும் எழுதப்படும்போது, இந்நாட்டுப் பெண்களான பாட்டிமார் நிழலாகிவிடுகின்றனர். வம்சாவளி ஏட்டில் ஆடவரின் கிளை தழைக்கின்றது. அதற்கு வேரான பெண்ணின் ஊரும் உறவும் மறைந்துவிடுகின்றன.

அம்மறைவை வினவியவர், கண்டியில் வாழ்ந்து 2019இல் மறைந்த ஜீன் அரசநாயகம் அம்மையார். பறங்கியர் குடும்பத்திற் சொலமன்ஸ் என்ற பெயரோடு பிறந்து, யாழ்ப்பாணத்துத் தமிழரை மணந்தவர். தம் இளமையை 2006இல் வெளியான தன்வரலாற்று நூலில் எழுதினார். அதன் தலைப்பு, ‘நல்லதொரு பறங்கிப் பெண்பிள்ளை’ என்னும் பொருளுடையது. ஊரார் வழங்கும் அச்சொற்றொடரைத் தாமே எடுத்து அணிந்து, அது தமக்குப் பொருந்துகின்றதா என்று பார்க்கும் எள்ளல் அதில் உண்டு. குடியேற்ற ஆட்சி விட்டுச் சென்ற மரபுரிமையை அவர் பெருமையாகவும் எழுதவில்லை, வெட்கமாகவும் எழுதவில்லை, விசாரணையாக எழுதினார். ஆண்ட முன்னோனும் அவனுக்கு ஆட்பட்ட பெண்ணும் தம் குருதியில் ஒருங்கே இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரம் வந்தது. பிறப்பாற் பறங்கியர், பெயராற் தமிழர். அந்நாட்களிற் பெயரே ஒருவரின் உயிரைத் தீர்மானித்தது. அம்மையார் குடும்பத்தோடு வீட்டை விட்டு வெளியேறி அகதி முகாமிற் தங்க நேர்ந்தது. மறு ஆண்டில் அவ்வனுபவத்தைக் கவிதை நூலாக வெளியிட்டார். திருமணத்தினால் வந்த பெயரை அப்போது கழற்றி எறிந்திருந்தாற் தனிப்பட்டவராய் அவர் தப்பியிருக்கக்கூடும். அவர் அதைக் கைவிடவில்லை. அப்பெயரோடேயே எழுதினார், அப்பெயரோடேயே மறைந்தார். பிறர்மேற் பெயர் சூட்டும் அதிகாரம் படைத்திருந்த குலத்திற் தோன்றிய ஒரு பெண், ஒடுக்கப்பட்டோரின் பெயரைத் தாங்கி நின்றமை நம் இலக்கிய வரலாற்றிற் சிறிய நிகழ்ச்சியன்று.

நேயர்களே, இவ்வளவும் வெள்ளைப் பெண்மணிகளைக் குறைகூறும் பொருட்டுச் சொல்லப்பட்டதன்று. அவர்கள் எழுதியமையாலேயே அவர்கள் விட்ட குறையையும் இன்று காண முடிகின்றது. எழுதாதவர் மேற் குற்றமும் இல்லை, அவர்களால் விளைந்த பயனும் இல்லை. அன்றியும், இக்குறை அவர்களுக்கு மட்டும் உரியதுமன்று. சிலாபக் கரையோரத்துத் தென்னந்தோட்டங்களுக்கு உடையவராய் இருந்தோரிற் பலர் இந்நாட்டவரே. அவர்கள் வீட்டுச் சமையற்கட்டிற் தேங்காய் துருவிய பெண்ணின் பெயர் எந்தக் குடும்ப வரலாற்றில் இருக்கின்றது? ‘வேலைக்காரி’ என்பது தமிழ்ச் சொல்தான். அதுவும் ஒரு பெயரை அழித்துத்தான் வழங்குகின்றது.

இன்று அவ்வினா வேறொரு திசையினின்றும் வருகின்றது. புத்தளம் மாவட்டத்தினின்று எத்தனையோ பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றுள்ளனர். அங்குள்ள வீட்டுத் தலைவி ஒருத்தி முதுமையிற் தன் வரலாற்றை எழுதினால், தன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த இலங்கைப் பெண்ணைப் பெயர் சொல்லி எழுதுவாளா, அன்றிப் ‘பணிப்பெண்’ என்று ஒரு வரியிற் கடந்து செல்வாளா? களுத்துறையில் ஒரு மனிதனின் முதுகு மட்டும் நினைவில் நின்ற கதை, வேறோர் ஊரில், வேறொரு மொழியில் மீண்டும் எழுதப்படலாம்.

அதற்கு மாற்று ஒன்றே. அப்பெண்களே எழுதுதல் வேண்டும். அவர்களால் இயலாவிடின் அவர்களின் பிள்ளைகள் கேட்டு எழுதுதல் வேண்டும். பள்ளியில் ‘என் குடும்பம்’ என்று கட்டுரை வரைகின்ற முன்னேஸ்வரத்துச் சிறுமி, தன் தாய் வெளிநாட்டில் இருக்கின்றாள் என்று ஒரு வரியோடு நிறுத்திவிடாமல், தாயின் முழுப்பெயரையும், அவள் சென்ற ஊரையும், அங்கு அவள் செய்த வேலையையும், அவள் எழுதிய கடிதத்தில் இருந்த ஒரு செய்தியையும் எழுதட்டும். தாய் இல்லாத வேளையிற் சோறூட்டிய பாட்டியின் பெயரையும் எழுதட்டும். தன்னை எழுதும்போது தன்னைத் தாங்கியவர்களின் பெயரையும் எழுதப் பழகிய கை, நாளை எவரையும் பெயரற்றவராய் விட்டுச் செல்லாது.